புல்தரை போட்டுத் தருகிறோம் என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை

சேலத்தில் கன்னங்குறிச்சி, கொண்டப்பநாயக்கன்பட்டி பக்கம் ஏற்காடு மலை தெரிகிற மாதிரி வீடு கட்டுகிறவர்கள், வாசலில் புல்தரை போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டைச் சுற்றி 2000 சதுர அடிக்குப் புல் போட ஒருவரிடம் வேலையைக் கொடுத்தோம். சதுர அடிக்கு 60 ரூபாய் பேசினார். “கொரியன் புல்லுங்க, மெயின்டனன்ஸே கிடையாது. ஆறு மாசத்துக்கு நம்ம ஆளே வந்து பார்த்துக்குவான்” என்றார். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார். பில் கேட்டபோது அப்புறம் தருகிறேன் என்றார், தரவே இல்லை.

விரித்த அன்றைக்குப் பச்சைப்பசேலென்று இருந்தது. கொஞ்ச நாளிலேயே புல்லுக்கு மேலே கோரை தலைகாட்டியது. பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வருகிறது, கிழங்கு மண்ணிலேயே நின்றுவிடுகிறது. ஓர் இடத்தில் புல் ஷீட்டை (மண்ணோடு பாய் மாதிரி வெட்டி எடுத்து வந்து விரிக்கிற புல்) புரட்டித் தோண்டிப் பார்த்தோம். கறுப்பாக, நிலக்கடலைப் பருப்பளவு கிழங்குகள், கம்பி மாதிரி வேரால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடந்தன. லோடு லோடாக அவர் இறக்கிய மண்ணிலேயே கோரை இருந்திருக்கிறது. அதைச் சலிக்கவும் இல்லை, பழைய தரையைக் கொத்திக் கிழங்கு பொறுக்கவும் இல்லை. அதன் மேலேயே ஷீட்டை விரித்துவிட்டார்கள்.

புகார் சொன்னதும் ஓர் ஆளை அனுப்பினார். அவன் அடித்தது கிளைபோசேட் என்ற களைக்கொல்லி. அது புல், களை என்று வித்தியாசம் பார்க்காத மருந்து. அடித்த இடமெல்லாம் புல் கருகியது, கோரை திரும்பவும் துளிர்த்தது. அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.

மாமரத்தடியிலும் அதே புல்லைத்தான் போட்டார். கொரியன் புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவருக்குத் தெரியாதா? நிழலில் அது மெலிந்து வெறும் மண் தெரிகிறது. அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கியிருக்கிறார்.

தண்ணீர்க் கணக்கையும் யாரும் சொல்வதில்லை. கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் அளவு பாய்ச்சுவதாக வைத்தாலும் 2000 சதுர அடிக்கு 900 லிட்டருக்கு மேல் ஆகும். மேட்டூர் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் குடத்தில் பிடித்து வைக்கிற ஊர் இது. போர் வற்றினால் லாரித் தண்ணீர்தான். அப்புறம் வெட்டுவது, உரம் போடுவது, கரையான் பார்ப்பது எல்லாம் இருக்கிறது. எங்கள் அப்பாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது. அவர் காலையில் குனிந்து உட்கார்ந்து கோரை பிடுங்குவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

யார் வந்து பேசினாலும், மண் இறக்கும்போது நீங்களே நின்று ஒரு மண்வெட்டி மண்ணைக் கிளறிப் பாருங்கள். கிழங்கு கண்ணில் பட்டால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். பராமரிப்புக்கு எத்தனை மாதம், ஆள் எப்போதெல்லாம் வருவான் என்பதை எழுதி வாங்குங்கள். மீதிப் பணத்தைப் புல் வேர்பிடித்த பிறகு கொடுங்கள். நிழல் இருந்தால் அங்கே புல்லே வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஜிபேயில் பணம் போன விவரம், வாட்ஸ்அப்பில் அவர் கொடுத்த வாக்குறுதி, கருகிய புல்லின் போட்டோ எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். நாங்களும் அவற்றை வைத்துத்தான் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.