மெஷின் பொய் சொல்லவில்லை, அதுதான் கோபம்

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி நேற்று கேட்டான்: "அண்ணே, உங்ககிட்ட இருக்கிற மாதிரியே ஒரு எக்ஸ்கதிர் தகைவு மெஷின், அதான் பொருளுக்குள்ள அடைபட்டிருக்கிற இழுவிசையை எக்ஸ்கதிரால அளக்கிறது, பழசா விலைக்கு வருது. எடுக்கலாமா?" டர்பனில் ஆறு வருடமாக அதோடு குடித்தனம் நடத்துகிறேன். ஒரு வார்த்தையில் பதில் வரவில்லை.

படிகத்தின் அணு அடுக்குகளில் பட்ட எக்ஸ்கதிர் எந்தக் கோணத்தில் பலமாகத் திரும்பும் என்று சொல்லும் பிராக் விதியெல்லாம் அவனுக்கு அத்துப்படி. நேராகக் கார்பன் இழைப் பலகைக்கு வருகிறேன். இழைகளைப் பிடித்துவைக்கும் பிசினான எபாக்சி படிகம் இல்லை, அந்தக் கோணத்தில் கூரான உச்சம் தராது. அதனால் பிசினில் அலுமினியத் தூள் கலந்து வார்க்கிறோம். பிரெடெக்கி, பாரெட் என்ற ஆய்வாளர்கள் 1979இல் எழுதிய வழிதான். பிசின் இழுத்தால் தூளின் அணு அடுக்கும் இழுபடும், உச்சம் நகரும். குரோமியம் எக்ஸ்கதிர்க் குழாயில், அலுமினியத்தின் 311 என்ற அணு அடுக்கு தரும் உச்சம் 139 டிகிரி பக்கம் நிற்கும். அது நகர்வதோ ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இந்தக் கிழம் அதையும் பிடிக்கும்.

பிடித்ததுதான் வினை. ஜூலையில் அளந்த பலகையையே பிப்ரவரியில் வைத்தால் தகைவு குறைந்து காட்டும். மறு ஜூலையில் பழையபடி ஏறும். சர்வீஸ்காரர் வந்தார், நேர்படுத்தினார், பில் நீட்டினார். தகைவில்லாத இரும்புத் தூளை வைத்தால் மட்டும் சமர்த்தாகப் பூஜ்யம். குழாயை மாற்றினேன், அப்போதும் அதே கதை.

மூன்றாம் வருடம், தைப்பூசக் காவடி முடிந்து சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், ஏதோ தோன்றிப் பலகையைத் தராசில் வைத்தேன். எடை கூடியிருந்தது! டர்பனில் ஜூலை வறண்ட குளிர், பிப்ரவரி புழுக்கக் கோடை. அந்தப் புழுக்கத்தில் எபாக்சி ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. சூட்டில் இறுகி, ஆறும்போது சுருங்க வழியில்லாமல் இழைகளுக்கிடையே விறைத்து நின்ற பிசின், உப்பியதும் தளர்ந்துவிட்டது. மூன்று வருடமாக மெஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. திட்டு வாங்கியதும் அதுதான்.

மற்றதெல்லாம் சில்லறை. மெஷினைக் குளிர்விக்கும் சில்லரின் தண்ணீர்க் குழாய் ஒழுகும். லோட் ஷெடிங் நாட்களில் கரண்ட் வந்ததும் எக்ஸ்கதிர்க் குழாயைத் தாஜா பண்ணிப் படிப்படியாகத்தான் ஏற்றவேண்டும். தடித்த அலுமினியம்–சிலிக்கான் கார்பைடு கலவைத் துண்டு என்றால் எக்ஸ்கதிர் மேல்தோலோடு சரி. உள்ளே பார்க்கப் பெலிண்டாபாவில் இருக்கும் சஃபாரி-1 ஆராய்ச்சி அணு உலைக்குப் போய் நியூட்ரானிடம்தான் கேட்கவேண்டும்.

தம்பி, அதை எடுக்காதே. என்னுடையதை யாராவது தூக்க வந்தால் வாசலை மறிப்பேன், அது வேறு விஷயம். நீ முதலில் நல்ல தராசும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு இறுக்கி மூடும் பெட்டியும் வாங்கு.