முதல் வார லேக்கை (கேம் திக்குவதை) எவ்வளவு நம்பலாம்? ஐஓஎஸ் 26, ஆண்ட்ராய்டு 16 கேமிங் ஒப்பீடு

புதிய இயங்குதளம் வந்த அன்றே இரண்டு குரல்கள் கேட்க ஆரம்பித்துவிடும். "கேம் பிரமாதமாக ஓடுகிறது" என்பார் ஒருவர். "போன் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது" என்பார் இன்னொருவர். இருவரிடமும் இருப்பது ஒரே மாடலாகக்கூட இருக்கும். 2025 ஜூன் 10-இல் ஆண்ட்ராய்டு 16 வந்தது, செப்டம்பர் 15-இல் ஐஓஎஸ் 26 வந்தது. கேம் விளையாடுகிறவர்களுக்கு இந்த இரண்டில் எது என்ன தருகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், இந்த முதல் வாரக் குரல்களை எப்படிக் கேட்பது என்று பார்த்துவிடலாம்.

பெரிய அப்டேட் முடிந்ததும் போன் சும்மா இருப்பதில்லை. தேடலுக்கான பட்டியலைப் புதிதாகக் கட்டும், படங்களை அலசும், செயலிகளைப் புதிய பதிப்புக்கு ஏற்றபடி மறுபடி தயார் செய்யும். இதனால் பேட்டரியும் சூடும் சில நாட்களுக்குப் பாதிக்கப்படலாம் என்று ஆப்பிளே ஐஓஎஸ் 26 வெளியானபோது தன் உதவிக் குறிப்பில் சொல்லியிருந்தது. கேமுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அப்டேட்டோடு ஜிபியு டிரைவர், அதாவது திரையில் படம் வரையும் சிப்பை இயக்கும் மென்பொருள், மாறியிருந்தால், முன்பு சேமித்து வைத்த ஷேடர்கள் (ஒளி, நிழல், புகை எப்படித் தெரிய வேண்டும் என்று அந்தச் சிப்புக்குச் சொல்லும் சிறு நிரல்கள்) செல்லாமல் போய், மறுபடி உருவாக வேண்டியிருக்கும். புதிய வெடிப்போ புகையோ முதன்முறை திரையில் வரும் நொடியில் கேம் திக்குவது பெரும்பாலும் இதனால்தான். அதே இடத்தை இரண்டாவது, மூன்றாவது முறை விளையாடிப் பாருங்கள். திக்கல் போய்விட்டால் அப்டேட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் கழித்தும் அதே இடத்தில் திக்கினால், அந்தப் புகார் நியாயமானது.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம்.

ஆப்பிளின் கேம் மோட் ஐஓஎஸ் 26-இல் புதிதாக வந்ததல்ல, 2024-இல் ஐஓஎஸ் 18-உடன் ஐபோனுக்கு வந்தது. கேமைத் திறந்ததும் தானாக இயங்கும், பின்னணி வேலைகளைக் குறைக்கும், வயர்லெஸ் கண்ட்ரோலரும் ஏர்பாட்ஸும் குறைந்த தாமதத்தில் பதில் தரும்படி பார்த்துக்கொள்ளும். வேண்டாமென்றால் அணைக்கலாம், அதற்கு மேல் நாம் கை வைக்க இடமில்லை. ஐஓஎஸ் 26 இதன் மேல் சேர்த்தது 'கேம்ஸ்' என்ற தனிச் செயலி. போனில் உள்ள கேம்களை ஒரே இடத்தில் காட்டுகிறது, நண்பர்கள் என்ன விளையாடுகிறார்கள் என்று சொல்கிறது, ஸ்கோரை வைத்து நண்பர்களுக்குள் சவால் விடவும் வழி தருகிறது. 2010-இல் வந்து 2016-இல் நீக்கப்பட்ட கேம் சென்டர் செயலியை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது பழைய வீடு திரும்பக் கிடைத்தது போல இருக்கும். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் இந்தச் செயலி இருப்பதால் எந்தக் கேமும் கூடுதல் வேகத்தில் ஓடப்போவதில்லை. "ஐஓஎஸ் 26-இல் கேமிங் எகிறிவிட்டது" என்று யாராவது சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஆண்ட்ராய்டு பக்கம் இதற்கு நேர் எதிர். 2021-இல் ஆண்ட்ராய்டு 12-இலேயே கேம் ஓடும் விதத்தை நாமே தேர்ந்தெடுக்க செயல்திறன், இயல்பு, பேட்டரி சேமிப்பு என்று மூன்று நிலைகள் வந்துவிட்டன. கூகுளின் பிக்சல் போனில் கேம் டாஷ்போர்டைத் திறந்தால் ஃபிரேம் எண்ணிக்கையையும், அதாவது திரையில் நொடிக்கு எத்தனை படம் மாறுகிறது என்பதையும், பார்க்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கேமை உருவாக்கியவர் அந்த நிலைகளை ஆதரித்திருக்க வேண்டும், அல்லது போன் நிறுவனம் அந்தக் கேமுக்கென்று அமைத்துக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாத கேமில் அந்தப் பட்டன்களால் பயனில்லை.

ஆண்ட்ராய்டு 16-ஐ முதலில் பார்த்தவர்கள் பலர் "பெரிதாக ஒன்றும் மாறவில்லையே" என்றார்கள். கண்ணுக்குத் தெரியும் புதுத் தோற்றம் பிந்தைய அப்டேட்டில்தான் வந்தது என்பதால் அவர்களைத் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் கேமுக்கு வேண்டியது உள்ளே நடந்திருக்கிறது. கேம் ஜிபியுவோடு பேசும் வழிகளில் ஒன்றான வல்கனை ஆண்ட்ராய்டின் அதிகாரபூர்வ கிராஃபிக்ஸ் ஏபிஐ (அப்படிப் பேசுவதற்கான இடைமுகம்) என்று கூகுள் 2025 மார்ச்சில் அறிவித்தது. சிபியு (போனின் முதன்மைச் செயலி), ஜிபியு இரண்டிலும் இன்னும் எவ்வளவு திறன் மிச்சம் என்று கேம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி ஆண்ட்ராய்டு 16-இல் சேர்ந்தது. சூட்டின் எல்லையை எவ்வளவு நெருங்கிவிட்டோம் என்று கேட்கும் வசதி முன்பே இருக்கிறது.

இது ஏன் முக்கியம்? போன் சூடு தாங்காமல் வேகத்தைத் திடீரென வெட்டினால் 60 ஃபிரேம் 35-க்கு விழும், மறுபடி ஏறும், மறுபடி விழும். கைக்கு உறுத்துவது இந்த ஏற்ற இறக்கம்தான். கேமுக்கு முன்கூட்டியே தெரிந்தால் நிழலையோ ரெசல்யூஷனையோ (படத்தின் துல்லியத்தையோ) கொஞ்சம் குறைத்துச் சமாளித்துக்கொள்ளும். நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரையில் சீராக ஓடும் 40 ஃபிரேம், அப்படி ஊசலாடும் 60-ஐவிட எவ்வளவோ மேல். அதனால் முதல் ஐந்து நிமிட வீடியோவை நான் பொருட்படுத்துவதில்லை. இருபதாவது நிமிடத்தில் என்ன ஆகிறது என்று காட்டுபவர் சொல்வதைத்தான் கேட்பேன்.

மூன்றாவதாக ஒரு தரப்பும் இருக்கிறது: ஆண்ட்ராய்டின் மேல் நிறுவனங்கள் போர்த்தும் சொந்த அடுக்கு. சாம்சங்கின் கேம் பூஸ்டர், ஷாவ்மியின் கேம் டர்போ, அசுஸ் ஆர்ஓஜி போன்களின் ஆர்மரி கிரேட் எல்லாம் இந்த வகை. சார்ஜரைச் செருகி விளையாடும்போது மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்பாமல் நேராகப் போனுக்கே கொடுக்கும் வசதி இவற்றில் சிலவற்றில் உண்டு. சூட்டைக் குறைக்க இதைப் போல உதவும் அம்சம் வேறு இல்லை என்பேன். ஆனால் 2022 மார்ச்சை மறக்கக் கூடாது. சாம்சங்கின் கேம் ஆப்டிமைசிங் சர்வீஸ் கேம்களையும் வேறு பல செயலிகளையும் வேகம் குறைத்து ஓடவிட்டு, வேகம் அளக்கும் செயலியை மட்டும் தொடாமல் விட்டது அப்போது தெரியவந்தது. கேலக்ஸி எஸ்10 முதல் எஸ்22 வரையிலான முதன்மை மாடல்களை, வேகம் அளக்கும் செயலியான கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. பிறகு சாம்சங் அப்டேட் கொடுத்து, முடிவை வாங்கியவர் கையில் விட்டது. சூட்டுக்காக வேகத்தைக் குறைப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. போனை வாங்கியவரிடம் சொல்லாமல் குறைத்ததுதான் தப்பு.

யாருக்கு எது பொருந்தும் என்று கேட்டால், நண்பர்களோடு விளையாடவும் அமைப்புகளில் மண்டையைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்கவும் ஐஓஎஸ் 26. ஒரே கேமை மணிக்கணக்கில் விளையாடுகிறவர், ஃபிரேமையும் சூட்டையும் கண்ணால் பார்த்து முடிவு செய்ய விரும்புகிறவர் என்றால், நிறுவனத்தின் நல்ல கேமிங் அடுக்கு உள்ள ஆண்ட்ராய்டு. நான் இந்த இரண்டாவது கட்சி.

அப்டேட் செய்வதற்கு முன் ஒன்று. புதிய ஐஓஎஸ் வந்த கொஞ்ச நாளில் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை ஆப்பிள் மூடிவிடும். ஆண்ட்ராய்டிலும் பல போன்களில் திரும்புவது சுலபமில்லை. போட்டி ஏதாவது நெருங்குகிறது என்றால் அது முடியும்வரை பொறுங்கள். முடிந்த பிறகு ஒரு இரவு சார்ஜில் போட்டு அப்டேட் செய்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து உங்கள் கேமை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.