சேலம் ஜவ்வரிசி: குரோன்ஸ் வயிற்றுக்கு எதுவரை கைகொடுக்கும்?

சேலத்தில் வயிறு சரியில்லை என்றதும் வீட்டில் முதலில் கேட்பது, "ஜவ்வரிசிக் கஞ்சி வச்சுத் தரட்டுமா?" என்றுதான். குடலில் நீடித்த அழற்சி உண்டாக்கும் குரோன்ஸ் நோய் உள்ளவர்களுக்கும் அதே கஞ்சிதான் வருகிறது. நோய் கிளம்பியிருக்கும் நாட்களில் குடல் தாங்கிக்கொள்ளுமா என்று பார்த்தால் ஜவ்வரிசிக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். உடம்பைத் தேற்றுமா என்று பார்த்தால், தனியாக அது தேறாது.

தாங்கிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. குரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். அதிகம் பிடிப்பது சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் அதையொட்டிய பெருங்குடலையும். அழற்சி குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்குவதால், நாளாக ஆகச் சுவர் தடித்து வழி குறுகிவிடுகிறது. அந்தக் குறுகலில் கீரைத்தண்டோ, மாங்காய் நாரோ, தோலோடு கொண்டைக்கடலையோ போய் நின்றால் வயிறு முறுக்கும், உப்பும், வாந்தி வரும். ஜவ்வரிசியில் அப்படி நிற்க ஒன்றுமில்லை. மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, அந்தக் கிழங்குப் பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவை உருட்டுகிறார்கள். நார் சல்லடையிலேயே நின்று திப்பியாகப் போய்விடுகிறது. கோதுமையில் உள்ள குளூட்டனும் இல்லை, பால் சர்க்கரையான லாக்டோஸும் இல்லை.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். வெள்ளையாக, தொட்டால் மாவு ஒட்டுவது மாவு ஜவ்வரிசி. உருட்டியபின் சூடான தட்டில் வறுத்தது. கண்ணாடிபோல் இருப்பது நைலான் ஜவ்வரிசி. ஆவியில் வேகவைத்துக் காயவைத்தது. பாயசத்துக்கு நைலான் நன்றாக இருக்கும், முத்து முத்தாக நிற்கும். குரோன்ஸ் கஞ்சிக்கு வேண்டியது முத்தாக நிற்பதல்ல, கரைவது. ஆகவே மாவு ஜவ்வரிசியையே வாங்குங்கள்.

ஒரு வேளைக்கு 2 மேசைக்கரண்டி, ஏறக்குறைய 30 கிராம் போதும். இரண்டு முறை அலசி, 2 மணி நேரம் ஊறவையுங்கள். 600 மில்லி தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றினால் மாவு கரைந்து அடியில் பிடித்துக்கொள்ளும், மேலே முத்து வேகாமல் நிற்கும். சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம், அடிக்கடி கிளற வேண்டும். ஒரு முத்தை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் இன்னும் வேகவில்லை. அந்த வேகாத மாவு செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் வாயுவாகும். ஏற்காட்டில் வைப்பவர்கள் கூடுதலாகப் பத்து நிமிடம் விடுங்கள்: 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, கஞ்சி கொதிப்பதுபோல் தெரியும், உள்ளே வெந்திருக்காது. கால் டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை சீரகத்தூள். கடுகு, பச்சை மிளகாய், வெங்காயம் தாளிப்பு வேண்டாம். வெதுவெதுப்பாகவே குடித்துவிட வேண்டும். ஆறினால் பசையாக இறுகும், குடல் குறுகலான ஆளுக்கு அந்தக் கட்டி ஆகாது.

இனிக் குறை. 100 கிராம் ஜவ்வரிசியில் 350 கலோரி அளவு இருக்கும். புரதம் 1 கிராம்கூடக் கிடையாது. மேலே சொன்ன கஞ்சி ஒரு வேளைக்கு 105 கலோரி. மூன்று வேளையும் குடித்தால் 315. நோய் தீவிரமாக இருக்கும்போது ஒருவருக்கு நாளொன்றுக்கு எடை கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். அழற்சி ஏற்கெனவே தசையைக் கரைத்துக்கொண்டிருக்கிறது, கஞ்சியோ கையை விரிக்கிறது. வயிற்றுப்போக்கு குறைந்துவிட்டது, கன்னம் மட்டும் ஒட்டிப்போகிறதே என்று குடும்பங்கள் குழம்புவது இங்கேதான். இரும்புச்சத்து இதில் குறைவு, வைட்டமின் பி12 இல்லவே இல்லை. பி12 உறிஞ்சப்படும் இடமே அந்தக் கடைசிச் சிறுகுடல் என்பதால், அங்கே நோய் இருப்பவர்களுக்கும் அறுவை சிகிச்சையில் அதை எடுத்தவர்களுக்கும் கால் மரமரப்பு, சோர்வு, ரத்தசோகை வரலாம். அதற்கு ரத்தப் பரிசோதனையும் ஊசியும்தான் வழி.

கஞ்சியைக் கைவிட வேண்டியதில்லை, அதில் எதையாவது ஏற்ற வேண்டும். கொதிக்கும் கஞ்சியில் இரண்டு முட்டை வெள்ளைக்கருவை அடித்து மெல்ல ஊற்றி 2 நிமிடம் வேகவிட்டால் 7 கிராம் புரதம் சேரும், வாசனை அவ்வளவாகத் தெரியாது. 30 கிராம் பாசிப்பருப்பைக் குக்கரில் குழைய வேகவைத்து மசித்துக் கலந்தாலும் அதே அளவு. பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். நெய்யையும் தேங்காய்ப்பாலையும் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்பைக் கடைசிச் சிறுகுடல் திரும்ப உறிஞ்சாவிட்டால், கொழுப்பு அப்படியே வழுவழுவென்று வெளியேறும். வெல்லம் நிறையப் போட்ட பாயசமும் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். போக்கு அதிகமாக இருந்தால் கஞ்சியை நம்பாமல் ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் குறிப்பிட்ட அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும்.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும்; ஜவ்வரிசி வேகமாகச் செரிக்கும் மாவு, அதுவும் ஏற்றும். மாத்திரை நாட்களில் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை பாருங்கள். இன்னொன்று: குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் திரவ உணவு மட்டுமே கொடுத்து நோயை அடக்கும் சிகிச்சை உண்டு. அது புரதம், வைட்டமின் எல்லாம் அளந்து சேர்த்த மருத்துவ பானம். ஜவ்வரிசிக் கஞ்சி அதற்கு மாற்றல்ல, மருந்துக்கும் மாற்றல்ல.

வயிறு உப்பிக்கொண்டு வாந்தி வருகிறது, காற்றும் பிரியவில்லை என்றால் கஞ்சியும் வேண்டாம், உடனே மருத்துவமனை. நோய் அடங்கியபின், குறுகல் இல்லாதவர்கள் இதிலேயே தங்கிவிடக் கூடாது. தோல் நீக்கிய காய்கறியில் ஆரம்பித்து நார்ச்சத்தை மெல்லத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

மற்ற வடிவங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வடாம் எண்ணெயும் மிளகாயும். ஜவ்வரிசி வடையில் வேர்க்கடலை. சேலத்துக்காரர்களின் நிஜச் சோதனை, தட்டுவடைகளுக்கு நடுவே காய்த்துருவல் வைத்துத் தரும் தட்டுவடை செட்தான். நோய் கிளம்பிய நேரத்தில் பச்சைக் கேரட், பீட்ரூட் துருவல் ஆகவே ஆகாது. அடங்கிய காலத்தில் ஆசைக்குச் சாப்பிட்டால், மறுநாள் மலம் சிவந்திருப்பதைக் கண்டு ரத்தம் என்று பதறுமுன் பீட்ரூட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது: சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் மக்காச்சோள மாவு கலப்பதும், வெளுக்க ரசாயனம் சேர்ப்பதும் உணவுப் பாதுகாப்புத் துறையின் சோதனைகளில் பிடிபட்டிருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் சில்லறையாக அள்ளிப் போடுவதைவிட, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் தேதியும் உள்ள பாக்கெட் மேல். கண்ணைப் பறிக்கும் வெள்ளை வேண்டாம், லேசான பழுப்பு சாயலே நல்லது. பாக்கெட் அடியில் தங்கும் தூளைச் சலித்துத் தள்ளிவிடுங்கள். கஞ்சி கட்டி கட்டுவது பெரும்பாலும் அதனால்தான்.