எச்சில் குழாயும் என் உள்ளங்கையும்: ஒரு ஜீன் டெஸ்டுக்கு இரண்டு நட்சத்திரம்

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே எனக்கு எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய், வந்துவிட்டது. முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம், கழுத்து என்று வழக்கமான இடங்கள்தான். எப்போது கிளம்பும், எப்போது அடங்கும் என்று நாற்பது வருடமாகப் பார்க்கிறேன், பிடிபடவே இல்லை. அதனால் எச்சிலை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடுவோம் என்று ஒரு விளம்பரம் வந்ததும் யோசிக்காமல் இரண்டு பெட்டி வாங்கிவிட்டேன். ஒன்று எனக்கு, ஒன்று தம்பிக்கு. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த மாதிரி டெஸ்ட் வாங்கும் முன் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. பெட்டிக்குள் புனல் வைத்த ஒரு பிளாஸ்டிக் குழாய். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்துவிட்டு, கோடு வரைக்கும் துப்ப வேண்டும். கொஞ்சம் எச்சில்தானே என்று உட்கார்ந்தேன். நுரை கணக்கில் சேராது என்பது அப்புறம்தான் தெரிந்தது. கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து, இருபது நிமிடம் ஆயிற்று. மூடியை அழுத்தினால் அதிலிருக்கும் திரவம் இறங்கி எச்சிலோடு கலக்கிறது. டிஎன்ஏ கெடாமல் இருக்க அது. இதுவரை குறை ஒன்றும் இல்லை.

அடுத்து ஒரு கேள்வித்தாள். 'உங்களுக்கு எக்ஸிமா இருந்ததுண்டா? ஆம், இல்லை.' அவ்வளவுதான். நான் போகும் தோல் கிளினிக்கில் 'போயம்' என்று ஒரு படிவம் தருவார்கள். ஏழே கேள்வி. போன வாரம் எத்தனை நாள் அரித்தது, எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டது, எத்தனை நாள் ரத்தம் கசிந்தது, நீர் வடிந்தது, தோல் வெடித்தது, உதிர்ந்தது, வறண்டது. மொத்தம் 28 மார்க், கூடக் கூட மோசம். புது மருந்துகளைச் சோதிக்கும் ஆராய்ச்சிகளிலும் இதையேதான் கேட்கிறார்கள். இங்கேயோ, குழந்தையில் வந்து மறைந்த எக்ஸிமாவும் நேற்று ராத்திரி படுக்கை விரிப்பில் ரத்தப் பொட்டு விழச் சொறிந்த எக்ஸிமாவும் ஒரே 'ஆம்'. 'உங்கள் தகவலை ஆராய்ச்சிக்குத் தரலாமா' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அந்த ஒற்றை 'ஆம்' யாருக்கு என்ன உதவும் என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

ஆறு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. தோல் பக்கத்தில் ஒரு பச்சை வட்டம். 'ஃபிலாக்ரின் மாற்றம் காணப்படவில்லை. எக்ஸிமா வாய்ப்பு: சராசரி.' நாற்பது வருடமாகச் சொறிகிறவளுக்குச் சராசரி வாய்ப்பாம்! சிரிப்பு வந்துவிட்டது. படிக்கும்போதும் கை கழுத்தைத்தான் சொறிந்துகொண்டிருந்தது.

ஃபிலாக்ரின் என்பது தோலின் மேலடுக்கை இறுக்கிக் கட்டும் புரதம். அது உடைந்து சிதையும்போது வரும் பொருள்கள்தான் தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. அந்த ஜீன் பழுதானால் எக்ஸிமா வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்து இர்வின் மெக்லீன் குழுவினர் காட்டினார்கள். எக்ஸிமா ஆராய்ச்சியையே திருப்பிப் போட்ட வேலை அது. சரி, இவர்கள் அந்த ஜீனில் எதைப் பார்த்தார்கள்? கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்தில் இருந்தது: ஆர்501எக்ஸ், 2282டெல்4 என்ற மாற்றங்கள். இரண்டே இரண்டு. இரண்டும் ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படுபவை. ஜப்பானியர்களிடமும் சீனர்களிடமும் 3321டெல்ஏ போன்ற வேறு மாற்றங்கள் இருக்கின்றன. என் வம்சத்தில் யாரும் ஐரோப்பா பக்கம் போனதாகக்கூடத் தகவல் இல்லை. அதோடு, இந்த ஜீனுக்குள் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான துண்டு பத்து முதல் பன்னிரண்டு தடவை திரும்பத் திரும்ப வருகிறது. முழுசாகப் படிப்பது பெரிய வேலை. இரண்டு இடத்தை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு 'மாற்றம் இல்லை' என்று பச்சை அடிப்பது, இரண்டு அறையில் தேடிவிட்டு வீட்டிலேயே சாவி இல்லை என்பது போல.

தோல் செதில் செதிலாக உரியும் இன்னொரு நோயான சொரியாசிஸ் பக்கத்தில் சிவப்பு வட்டம். அந்த நோயோடு தொடர்புள்ள ஹெச்எல்ஏ-சி 06:02 என்ற ஜீன் வகை எனக்கு இருக்கிறதாம். அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு சொரியாசிஸ் வருவதே இல்லை என்பதை ஏனோ எழுதவில்லை. இதை என் அம்மா படித்திருந்தால் ஒரு வாரம் தூங்கியிருக்க மாட்டார்.

எரிச்சலே அதற்கு அப்புறம்தான். கடைசியில் 'உங்கள் ஜீனுக்கேற்ற க்ரீம்' என்று ஒரு வாங்கும் பொத்தான். என்னதான் கலந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். கிளிசரின், பெட்ரோலேட்டம், வாசனைத் திரவியம். அலர்ஜி தரும் பொருள்களில் முன் வரிசையில் நிற்பது வாசனைத் திரவியம். அதை எக்ஸிமாக்காரிக்கே விற்கிறார்கள். ஏன் இரண்டு மாற்றங்களை மட்டும் பார்த்தீர்கள் என்று மின்னஞ்சல் போட்டேன். நன்றி சொல்லி, அதே ரிப்போர்ட்டை மறுபடி அனுப்பினார்கள்.

ரிப்போர்ட்டை என் டாக்டரிடம் காட்டினேன். அவர் அதைப் புரட்டக்கூட இல்லை. "கையை நீட்டுங்கம்மா" என்று உள்ளங்கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில், உலர்ந்த குளத்துத் தரை போல நெருக்கமாகக் கோடுகள். அப்புறம் கெண்டைக்காலில் மெல்லிய செதில், மேல் கையில் சொரசொரப்பு. "ஃபிலாக்ரின் குறைவாக இருந்தால் இப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். உறுதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பச்சை வட்டத்தைவிட இதைத்தான் நம்புவேன்" என்றார். கைரேகை பார்த்து ஒருவர் என்னிடம் சொன்னதில் முதல்முறையாகப் பலித்தது இதுதான்.

முடிவு எதுவாக வந்திருந்தாலும் சிகிச்சை மாறியிருக்காது என்றும் சொன்னார். ஈரப்பதக் களிம்பு, கிளம்பும்போது ஸ்டீராய்டு களிம்பு, அதிலும் அடங்காவிட்டால் டூபிலுமாப் ஊசி. அமெரிக்காவில் 2017-ல் அனுமதி பெற்ற மருந்து அது. ஐஎல்-4, ஐஎல்-13 என்ற இரண்டு அழற்சிச் சமிக்ஞைகளைத் தடுக்கிறது. அதைப் போடும் முன் ஜீன் ரிப்போர்ட்டை யாரும் கேட்பதில்லை.

ஊசியும் ரத்தமும் இல்லாமல் முடிந்ததற்கு ஒரு நட்சத்திரம், பொடி எழுத்திலாவது உண்மையை எழுதியதற்கு ஒன்று. இரண்டாவது பெட்டி பிரிக்காமலே அலமாரியில் இருக்கிறது. தம்பி வந்தபோது அவன் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். "என்னக்கா பார்க்கிற?" என்றான். அதே கோடுகள்.