கட்டம் போட்ட ஜெப நோட்டு: 14 மாதம் எழுதிப் பார்த்தபின்

ஜெபத்தை எழுதிப் பழக நினைக்கிறவர்கள், அதிலும் என்றாவது ஒரு தியானப் புத்தகம் எழுதிவிட வேண்டும் என்று மனசுக்குள் ஆசை வைத்திருக்கிறவர்கள், அச்சடித்து விற்கிற ஜெப நோட்டு வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான் ஒரே வகை நோட்டில் 14 மாதம் எழுதினேன், நான்கு நோட்டு முடிந்தது, அதற்குள் என் முதல் புத்தகமும் அச்சுக்குப் போனது. அதனால் அது எங்கே என்னைத் தாங்கியது, எங்கே தடம் மாற்றியது என்று இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பொருள். ஏ5 அளவு, கெட்டி அட்டை, 90 நாளுக்கானது. தேதி அச்சிடாமல் விட்டிருக்கிறார்கள். தேதி போட்ட நோட்டில் நான்கு நாள் விட்டுப்போனால் அந்த வெள்ளைப் பக்கங்களைப் பார்த்தே ஐந்தாம் நாளும் திறக்க மனம் வராது, எனக்கு அப்படி இரண்டு நோட்டு பாதியில் நின்றிருக்கிறது, அதனால் இது பெரிய நிம்மதி. நூல் வைத்துத் தைத்த கட்டு, மேசையில் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளாது. ஒரு கையில் வேதாகமத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையில் எழுதுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். தாளின் கனம் 80 ஜிஎஸ்எம். பால்பாயின்ட், ஜெல் பேனா என்றால் சரி, மை பேனா ஊறுகிறது. என் இரண்டாம் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது: ஒரு ராத்திரி அழுத்தி அழுத்தி எழுதிய விண்ணப்பத்தின் மை தாளின் பின்பக்கம் இறங்கி, மறுநாள் நான் வசனம் எழுதிய வரிகளுக்கு நடுவே இடம் வலமாகத் திரும்பித் தெரிகிறது. தாளில் குறைதான், ஆனாலும் அந்தப் பக்கத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். இடது பக்கம் வேதவாசிப்பும் மனதில் நின்ற வசனமும். வலது பக்கம் நான்கு கட்டம்: துதி, பாவ அறிக்கை, நன்றி, விண்ணப்பம். இந்த வரிசை பல சபைகளில் சொல்லிக்கொடுக்கிற பழைய வரிசைதான். எனக்கு இது செய்த நன்மை ஒன்று உண்டு. அதுவரை என் ஜெபம் “ஆண்டவரே, தாரும்” என்று தொடங்கி “சீக்கிரம் தாரும்” என்று முடியும். முதல் கட்டம் காலியாக இருக்கும்போது நான்காவதுக்குத் தாவக் கை கூசியது. முதல் இரண்டு வாரம் துதிக் கட்டத்தில் மனப்பாடமான வார்த்தைகளைத்தான் எழுதினேன். அப்புறம் ஒரு நாள் அவை தீர்ந்துபோயின. தீர்ந்தபிறகுதான் அவர் யார் என்று யோசிக்கவே ஆரம்பித்தேன்.

குறைகள். பாவ அறிக்கைக்கு மூன்று வரி, நன்றிக்குப் பதினொரு வரி. யார் இந்தக் கணக்கைப் போட்டார்களோ, என் நாட்கள் பலமுறை இதற்கு நேர்மாறாக இருந்தன. அதைவிடப் பெரிய குறை, புலம்பலுக்கு இடமே இல்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் ஜெபங்கள். 13-ஆம் சங்கீதம் எதுவரைக்கும், எதுவரைக்கும் என்றே கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு கடைசி வரிகூடக் கிடையாது. வேதத்திலேயே இப்படி ஜெபிக்க இடம் இருக்கும்போது நோட்டில் ஏன் இல்லை? என் அம்மா படுக்கையில் இருந்த மூன்று வாரமும் நான் கட்டங்களைக் கண்டுகொள்ளாமல் பக்கம் முழுக்கக் குறுக்காக எழுதினேன்.

இன்னொன்றை எழுதுகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பக்கத்தின் அடியில் தினமும் இரண்டு வரி விட்டு, “இன்று தேவன் என்னோடு பேசியது” என்று அச்சடித்திருக்கிறார்கள். கோடு காலியாக இருந்தால் நிரப்பத் தோன்றும். வாக்கியம் அமைக்கப் பழகிய கை என்றால் நிரப்புவது சுலபம், அழகாகவும் வரும். ஒரு காலையில் அப்படி ஒன்று எழுதினேன், நன்றாக அமைந்துவிட்டது, ஒரு வாரம் கழித்து ஒரு கட்டுரையில் ஆண்டவர் எனக்குச் சொன்னதாகவே அதைச் சேர்த்துவிட்டேன். இரவில் திரும்பப் படித்தபோது நெஞ்சு உறுத்தியது. அது என் வாக்கியம். அவர் பெயரை அதன்மேல் வைக்க எனக்கு உரிமை இல்லை. கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த இரண்டு வரியில் வசன எண் மட்டும் எழுதுவேன், இல்லாவிட்டால் காலியாகவே விடுவேன்.

இத்தனை சொல்லியும் நான்கு நோட்டு வாங்கக் காரணம் கடைசியில் இருக்கிற அட்டவணை. விண்ணப்பம், கேட்ட தேதி, பதில், பதில் வந்த தேதி, அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர், தேவைகளையும் ஜெபங்களையும் பதில்களையும் இப்படித்தான் நாட்குறிப்பில் எழுதி வைத்தார் என்று படித்திருக்கிறேன். ஆனால் நாமே எழுதிப் பார்க்கும்வரை அதன் பலம் புரியாது. என் அட்டவணையில் ஒரு வரி: “தம்பிக்கு வேலை — மார்ச் 3.” பதில் கட்டம் ஆறு மாதத்துக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. அப்புறம் செப்டம்பர் 19-ல் எழுதியிருக்கிறேன்: “வேலை கிடைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டான்.” நான் கேட்டது ஒன்று, அந்தக் கட்டத்தில் எழுதும்படி வந்தது வேறொன்று. தேதி போட்டு வைத்திருக்காவிட்டால் இரண்டும் ஒரே விண்ணப்பத்தின் முன்னும் பின்னும் என்று எனக்குத் தெரிந்திருக்காது. என் புத்தகத்தின் முதல் அத்தியாயம் இந்த ஒரு வரியிலிருந்துதான் பிறந்தது.

புத்தகம் என்றதும் சொல்ல வேண்டியது, இந்த நோட்டு கையெழுத்துப் பிரதி ஆகாது. நான் அந்தத் தவறைத்தான் முதலில் செய்தேன். மனதுக்குப் பிடித்த பன்னிரண்டு பக்கங்களை அப்படியே தட்டச்சு செய்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஆனால் அந்த ஆசிரியர் தயவாக ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: நீங்கள் ஆண்டவரோடு பேசுகிறீர்கள், வாசகர் கதவுக்கு வெளியே நிற்கிறார். இரண்டு நாள் வலித்தது, அப்புறம் அது எவ்வளவு சரி என்று தெரிந்தது. ஜெபத்தில் “அந்தக் காரியம்” என்றால் அவருக்குப் புரியும். வாசகருக்கு எந்தக் காரியம், யார், எங்கே நின்றுகொண்டு கேட்டோம் என்று எல்லாம் சொல்லியாக வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. வாசகர் படிப்பார் என்று நினைத்துக்கொண்டே ஜெபம் எழுதுவது. மூன்றாம் நோட்டு முழுக்க அப்படித்தான் ஆகிவிட்டது, வரிகள் மெருகேறின, ஜெபம் வற்றிப்போனது. அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் மாணவியாக இருந்தபோது, 1946-லும் 1947-லும், ஒரு நோட்டில் தன் ஜெபங்களை எழுதினார். நல்ல எழுத்தாளர் ஆக வேண்டும் என்பதும் அதில் ஒரு விண்ணப்பம். அவர் 1964-ல் இறந்தார், அந்த நோட்டு 2013-ல்தான் அச்சானது. பிரெஞ்சுக் கணித மேதையும் சிந்தனையாளருமான பாஸ்கல் 1654 நவம்பர் 23 இரவு தனக்கு நேர்ந்த அனுபவத்தை எழுதித் தன் உடுப்புக்குள் தைத்து வைத்திருந்தார், அவர் இறந்தபிறகுதான் அது கண்டெடுக்கப்பட்டது. இந்த இருவரையும் நினைத்துத்தான் நான்காம் நோட்டில் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். காலையில் நோட்டு, அது ஆண்டவருக்கு மட்டும். மாலையில் வேறு தாளில், நோட்டைத் திறக்காமல், நினைவில் நின்றதை மட்டும் வாசகருக்கு எழுதுவது. நினைவில் நிற்காததைப் புத்தகத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை.

நிராகரிப்பு வந்த நாட்களில் எரேமியா 36-ஆம் அதிகாரத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். எரேமியா சொல்லச் சொல்ல பாருக்கு என்பவர் எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா துண்டு துண்டாக அறுத்து நெருப்பில் போடுகிறான். ஆண்டவர் வேறொரு சுருளை எடுத்து எழுது என்கிறார், முந்தினதில் இருந்ததெல்லாம் எழுதப்படுகிறது, அதோடு இன்னும் பல வார்த்தைகளும் சேர்கின்றன. என் பிரதியை யாரும் எரிக்கவில்லை. ஆனாலும் மூன்று முறை புதிதாக எழுதினேன், ஒவ்வொரு முறையும் முன்பு இல்லாத ஏதோ ஒன்று சேர்ந்தது.

பதிப்புப் பக்கம் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் ஒரு நாள் தியானம் போன்ற சின்னக் கட்டுரைகளை அனுப்பிப் பாருங்கள், ஒரு வசனம், ஒரு சம்பவம், ஒரு ஜெபம் என்று சிறிய இடத்தில் எழுதும்போது கை படியும். புத்தகத்துக்குப் பதிப்பகங்கள் பெரும்பாலும் சுருக்கத்தையும் இரண்டு மூன்று மாதிரி அத்தியாயங்களையும்தான் முதலில் கேட்கும். எந்த வேதாகம மொழிபெயர்ப்பை எடுத்தாள்கிறீர்களோ அதன் அனுமதி விதியைப் பார்த்துவிடுங்கள், உதாரணத்துக்கு ஆங்கில என்ஐவி மொழிபெயர்ப்பில் 500 வசனம் வரை எழுத்து அனுமதி இல்லாமல் எடுத்தாளலாம், ஆனால் அது வேதத்தின் ஒரு முழுப் புத்தகமாக ஆகக் கூடாது, உங்கள் நூலில் கால் பங்கை எட்டவும் கூடாது. உங்கள் ஊழியத்தைப் புகழ்ந்துவிட்டு அடுத்த வரியிலேயே முன்பணம் கேட்கிற நிறுவனம் வந்தால், ஒப்பந்தத்தை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது, ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்றே நம்பி அட்டவணையில் தேதிகூடப் போட்டுவிட்டேன், பிறகு அடிக்க வேண்டியதாயிற்று.

கடைசியாக ஒன்று. ஜெப நோட்டில் நம் கதை மட்டும் இருப்பதில்லை. ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று நம்பிச் சொன்னவர்களின் வியாதி, கடன், குடும்பச் சண்டை எல்லாம் அதில் இருக்கிறது. பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தேன். ஆனாலும் பிரதியை அனுப்பும் முன் ஒவ்வொருவரிடமும் அவர்களைப் பற்றிய பகுதியை வாசித்துக் காட்டினேன். தம்பி ஒரு வார்த்தையை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டுச் சம்மதித்தான். சபையில் எனக்கு மூத்த ஒரு அக்கா முழுவதும் கேட்டுவிட்டு, “இதை ஆண்டவரிடம் சொல்லத்தான் உன்னிடம் சொன்னேன் கண்ணு” என்றார். இரண்டு அத்தியாயம் போனது. அவை புத்தகத்தின் மிக நல்ல அத்தியாயங்கள், அதில் எனக்கு இன்னும் சந்தேகம் இல்லை, எடுத்தது சரி என்பதிலும் இல்லை.

சரி, வாங்கலாமா? ஜெபத்தை எழுதியே பழக்கமில்லை என்றால் வாங்குங்கள், ஒரு நோட்டு முடிகிறவரை கட்டங்கள் கையைப் பிடித்து நடத்தும். ஏற்கனவே எழுதிப் பழகியவர்களுக்கு, துயரத்தில் இருப்பவர்களுக்கு, கோடு போட்ட சாதாரண நோட்டே நல்லது. நான் இப்போது அப்படி ஒன்றுக்கு மாறிவிட்டேன். கடைசி நான்கு பக்கத்தில் மட்டும் ஸ்கேல் வைத்து அந்த அட்டவணையை நானே வரைந்துகொண்டேன். முதல் வரியில் அந்த அக்காவின் விண்ணப்பம் இருக்கிறது. கேட்ட தேதி போட்டாயிற்று, பக்கத்துக் கட்டம் இன்னும் காலி.