ஃபில்டர் காபியை நிறுத்த: சிக்கரி, டிகாஃப், சுக்குமல்லி மூன்றில் எது கைகொடுக்கும்?

காபியை நிறுத்தப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்கி வருவது கிரீன் டீ. அதிலும் காஃபின் இருக்கிறது, நாக்கு தேடுகிற ருசி மட்டும் இல்லை. டிகாஷனும் பாலும் கலந்து குடித்தே பழகியவருக்கு, கசப்பும் நிறமும் காபியைப் போலவே இருந்து, காஃபின் மட்டும் இல்லாத ஒரு தூள் வேண்டும். அது காபிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடையிலேயே, காபித்தூளைவிடக் குறைந்த விலையில் கிடைக்கிறது. அதுதான் தனிச் சிக்கரி. காஃபின் நீக்கிய காபியான டிகாஃப், சுக்குமல்லி இரண்டையும் கடைசியில் பார்க்கலாம். காபியைப் படிப்படியாகக் குறைக்க எங்கள் தேர்வு சிக்கரிதான்.

காபியை ஒரே நாளில் விட்டால் மண்டை ஏன் பிளக்கிறது என்று தெரிந்துகொண்டால், சிக்கரி எதற்கு என்பது புரியும். நாள் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். களைப்பையும் தூக்கத்தையும் உணர்த்துவது அதுதான். அது போய் உட்கார வேண்டிய இடங்களை காஃபின் அடைத்துக்கொள்கிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை அந்த இடங்களைக் கூட்டிக்கொள்ளும். திடீரென்று காஃபின் நின்றதும் அத்தனை இடத்திலும் அடினோசின் ஏறுகிறது, சுருங்கியிருந்த ரத்தக்குழாய்கள் விரிகின்றன, தலைவலி வருகிறது. கடைசிக் காபிக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். சிலருக்கு இரண்டே நாளில் அடங்கும், சிலருக்கு ஒன்பது நாள்வரை இழுக்கும். கூடவே சோர்வு, சிடுசிடுப்பு, எதிலும் மனம் ஒட்டாமை, சிலருக்குக் குமட்டலும் உடம்புவலியும். 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதைத் தனி நோய்நிலையாகவே சேர்த்திருக்கிறது. எனவே மனத்திடம் இல்லாததால் வருகிறது என்று யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. தினம் 100 மி.கி. காஃபின் எடுப்பவருக்கும் இது வரலாம்.

அந்த 100 மி.கி. எவ்வளவு காபி? அராபிகா கொட்டையில் சுமார் 1.2 சதவீதம் காஃபின், ரொபஸ்டாவில் ஏறக்குறைய அதன் இருமடங்கு. கடையில் 'பிளான்டேஷன் ஏ' என்று விற்பது அராபிகா. 'பீபெரி' என்பது உருண்டைக் கொட்டை, இரண்டு இனத்திலும் உண்டு, எந்த இனம் என்று கேட்டு வாங்க வேண்டும். ஒருவர் ஒரு நாளுக்கு 20 கிராம் தூள் போட்டு டிகாஷன் இறக்குகிறார், தூள் 80:20 கலவை (80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி) என்றால் அதில் காபி 16 கிராம். அராபிகாவாக இருந்தால் அதிகபட்சம் 190 மி.கி. காஃபின். பாதி ரொபஸ்டா கலந்திருந்தால் 270-ஐத் தொடும். பாலைக் கூட்டுவதால் இந்தக் கணக்கு மாறாது, இறங்கிய டிகாஷன் முழுவதும் வயிற்றுக்குள்தானே போகிறது. இரண்டாம் டிகாஷனுக்கு மாறினால் காஃபின் குறையும் என்பது உண்மை, ஆனால் ருசியும் சேர்ந்து போய்விடுவதால் யாரும் அதில் நிலைப்பதில்லை.

சிக்கரியின் அருமை இங்கேதான் தெரிகிறது. அது ஒரு செடியின் வேர். குஜராத்தின் ஜாம்நகர் பக்கமும் உத்தரப்பிரதேசத்தின் எட்டா பக்கமும் பயிராகிறது. வறுத்து அரைத்தால் கருகிய சர்க்கரையின் வாசமும் கசப்பும் வரும், காஃபின் துளியும் கிடையாது. நம்மில் பலர் ஏற்கெனவே குடிப்பதில் 20 சதவீதம் அதுதான் என்பதால் நாக்குக்கு அந்நியமில்லை. கலவை காபியில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவு விதி. 53:47 என்று அச்சிட்ட பாக்கெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே இறங்க வேண்டுமானால் காபி தனி, சிக்கரி தனி என்று வாங்கி வீட்டில்தான் கலக்க வேண்டும். பியூர் காபி 250 கிராம், சிக்கரி 200 கிராம், கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்று, இவை இருந்தால் போதும்.

20 கிராம் 80:20-இல் இருந்து தொடங்குகிறவர் முதலில் 70:30-க்கு மாறி, மொத்தத் தூளை 19 கிராமாக்கலாம். நான்கைந்து நாள் கழித்து 60:40-இல் 18 கிராம். பிறகு 50:50-இல் 16 கிராம். அராபிகாவானால் இந்த இடத்தில் காஃபின் 100 மி.கி.க்குக் கீழே வந்துவிடும். அடுத்து 35:65-இல் 14 கிராம், கடைசியாக 20:80-இல் 12 கிராம். இதில் காபி வெறும் 2.4 கிராம், அராபிகாவானால் காஃபின் 30 மி.கி.க்கும் குறைவு. அங்கிருந்து தனிச் சிக்கரிக்குப் போவது பெரும்பாலானோருக்குக் கஷ்டமாக இருக்காது. ஒவ்வொரு படியிலும் நான்கைந்து நாள் நின்றால் மொத்தம் மூன்று, மூன்றரை வாரம். ஒரு படியில் தலைவலி எட்டிப் பார்த்தால் பின்னால் போகாதீர்கள், அதே படியில் இன்னும் மூன்று நாள் நில்லுங்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரம் கொடுப்பது நல்லது.

மொத்தத் தூளை ஏன் குறைக்கிறோம்? காபித்தூளில் வெந்நீரில் கரைவது ஏறக்குறைய கால் பங்கு. சிக்கரியில் பாதிக்கு மேல் கரையும். அதே 20 கிராமையே வைத்துக்கொண்டால் டிகாஷன் தார்போலக் கருத்து, கசந்து, சிக்கரியே வேண்டாம் என்று ஆகிவிடும். இந்த முயற்சி தோற்கிற இடங்களில் முக்கியமானது இது.

இன்னொன்று ஃபில்டர் அடைத்துக்கொள்வது. சிக்கரி தண்ணீரை உறிஞ்சி ஊதும், தூளும் நைசாக இருக்கும். 50:50-ஐத் தாண்டியதும் காலையில் ஊற்றிய தண்ணீர் மேல் பாத்திரத்திலேயே நிற்கும். அந்தக் கட்டத்தில் தூளை அழுத்தாமல் மட்டப்படுத்தினால் போதும், உள்தட்டையும் சும்மா வைத்தால் போதும். காபியைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து வாங்கியிருந்தால் நல்லது. மேல் பாத்திரத்தின் துளைகளில் பழைய தூள் அடைந்திருந்தால், காலிப் பாத்திரத்தை அடுப்புத் தணலில் ஒரு நிமிடம் காட்டி, ஆறியபின் தட்டிக் கழுவுங்கள். 35:65-க்கு மேல் ஃபில்டரையே எடுத்து வைத்துவிடலாம். 150 மில்லி தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, தூளைப் போட்டு, ஒரு கலக்கு கலக்கி மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். வெள்ளைத்துணியில் வடிகட்டுங்கள், பிழிய வேண்டாம். தூளைப் போட்டபின் கொதிக்கவிட்டால் கசப்பு தூக்கலாகிவிடும். தனிச் சிக்கரிக்கு இதே முறைதான், இரண்டு டம்ளருக்கு 6 கிராம் தாராளம்.

ருசி எப்படி? பாலோடு நன்றாகவே இருக்கிறது. நிறம், கெட்டித்தன்மை, அடிநாக்கில் நிற்கும் கசப்பு எல்லாம் வரும். வராதது மணம். டிகாஷன் இறங்கும்போது வீடு முழுக்கப் பரவுமே, அது சிக்கரியில் கிடையாது, எதிர்பார்க்கவும் கூடாது. இயல்பிலேயே லேசான இனிப்பு உண்டு, ஆகவே சர்க்கரையைப் பாதியாக்கிக் குடித்துப் பாருங்கள். பால் இல்லாமல் குடிப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம், கஷாயமாகத்தான் இருக்கும்.

வயிற்றையும் பார்க்க வேண்டும். சிக்கரியில் இனுலின் என்ற நார்ச்சத்து இருக்கிறது. காலையில் காபி குடித்தால்தான் வயிறு இளகும் என்று பழகியவர்களுக்கு, காபி குறையும்போது வரும் மலச்சிக்கலுக்கு இது ஓரளவு துணை. அளவு கூடினால் அதே இனுலின் வாயுவையும் உப்புசத்தையும் தரும். நாளுக்கு 10 கிராமுக்கு மேல் போகாமல் இருந்தால் பலருக்குத் தொந்தரவு இருக்காது. சாமந்தி வகைப் பூக்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் சிக்கரியையே தவிர்க்க வேண்டும், இரண்டும் ஒரே குடும்பம்.

டிகாஃப் விஷயம் வேறு. அது நிஜக் காபி, காஃபினை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஐரோப்பிய விதிப்படி வறுத்த டிகாஃபில் 0.1 சதவீதத்துக்கு மேல் காஃபின் இருக்கக்கூடாது, அதாவது 15 கிராம் தூளில் 15 மி.கி. சிக்கரியில் கிடைக்காத மணம் இதில் ஓரளவு கிடைக்கும். ஆனால் நம் ஊர்க் கடைகளில் டிகாஃப் என்று கேட்டால் பெரும்பாலும் இன்ஸ்டன்ட்தான் எடுத்துத் தருவார்கள், அது ஃபில்டர் காபிக்குப் பழகிய நாக்குக்குச் சரிப்படாது. கொட்டையாகவோ அரைத்தோ விற்பவர்களிடம் இணையத்தில் வாங்க வேண்டியிருக்கும், விலையும் கணிசம். மணம் சீக்கிரம் போய்விடும் என்பதால் 100 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். 70 பங்கு டிகாஃப், 30 பங்கு சிக்கரி கலந்து ஃபில்டரில் இறக்கினால், காஃபின் அநேகமாக இல்லாத டம்ளர்களில் உண்மையான ஃபில்டர் காபிக்கு மிக அருகில் வருவது அதுதான். பணம் பொருட்டில்லை என்றால் குறைத்து முடித்தபின் நிரந்தரமாக இதில் நின்றுகொள்ளலாம். நெஞ்செரிச்சலுக்காகக் காபியை விடுகிறவர்கள் மட்டும் டிகாஃபை நம்ப வேண்டாம், வயிற்றில் அமிலத்தைத் தூண்டும் வேலையை அதுவும் செய்கிறது.

சுக்குமல்லி நல்ல பானம், ஆனால் அதைக் காலைக் காபிக்கு மாற்றாக வைத்தவர்கள் சீக்கிரமே பழைய டம்ளருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அது பொருந்துவது மாலை நான்கு மணிக்கு. உடம்பில் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், நான்கு மணிக் காபியில் பாதி இரவு ஒன்பதுக்கும் ரத்தத்தில் இருக்கும். ஆகவே முதலில் மாலைக் காபியைச் சுக்குமல்லியாக்கிவிட்டு, காலைக் கலவையை மேலே சொன்னபடி குறைக்கலாம். சுக்கு 50 கிராம், மல்லி 100 கிராம், மிளகு ஒரு டீஸ்பூன், ஏலக்காய் ஐந்தாறு. சுக்குக்குப் புறநஞ்சு என்பார்கள், மேல்தோலைச் சீவிவிட்டு இடியுங்கள். மல்லியை இளந்தீயில் வாசம் வரும்வரை வறுத்து எல்லாவற்றையும் சேர்த்து அரைக்க வேண்டும். 200 மில்லி தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், முக்கால் பங்காகச் சுண்டியதும் கருப்பட்டி போட்டு வடிகட்டலாம். பால் வேண்டுமென்றால் இறக்கியபின் தனியாகக் காய்ச்சியதை ஊற்றுங்கள், கருப்பட்டியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். பாக்கெட்டில் வாங்குவதானால் பின்பக்கத்தைப் படியுங்கள், காபித்தூளோ அளவுக்கு மீறிய சர்க்கரையோ சேர்ந்திருக்கக்கூடும். கருப்பட்டிக் காபி என்று விற்பதில் காபித்தூள் இருக்கும், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

தலைவலிக்கு மாத்திரை தேடும்போதும் அதே கவனம் வேண்டும். சாரிடான் போன்ற சில தலைவலி மாத்திரைகளில் காஃபினும் ஒரு சேர்மானம். தலைவலி உடனே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம், அதே காரணத்தால் நீங்கள் கீழே இறங்கிய படி வீணாகும். தாங்க முடியவில்லையென்றால் காஃபின் சேராத பாராசிட்டமால், அதுவும் ஓரிரு நாள் மட்டும்.

லித்தியம், குளோசபைன், தியோஃபிலின் மருந்துகளில் ஏதேனும் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் காபியைக் குறைக்கவே கூடாது. காபி நின்றதும் ரத்தத்தில் இந்த மருந்துகளின் அளவு மாறும், மருந்தின் அளவைத் திருத்த வேண்டி வரலாம். கர்ப்பிணிகள் காஃபினை நாளுக்கு 200 மி.கி.க்குள் வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். அவர்கள் சிக்கரியைத் தினசரிப் பழக்கமாக்கும் முன்பும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

சிக்கரி காற்றுப்பட்டால் கட்டி தட்டும். ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வைத்து, ஈரக் கரண்டி படாமல் எடுங்கள். கலந்த தூளை ஐந்து நாளுக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். அடுத்த படிக்கு எப்படியும் புதிதாகக் கலக்க வேண்டும்.