மேடைக் கவியரங்கமா, மரத்தடி வாசிப்பா?

மீஞ்சூர் பக்கத்துக் கிராமங்களில் சித்திரையில் கவிதை விழா வைக்க நினைக்கிற திருவொற்றியூர், எண்ணூர் நண்பர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன், சொல்கிறேன்.

செலவு: மேடை என்றால் பந்தல், மைக் செட், சால்வை, தலைமைக் கவிஞருக்கு வண்டி. மரத்தடிக்கு இரண்டு ஜமுக்காளம், ஒரு பானை மோர்.

நேரம்: மேடை ராத்திரி ஏழுக்கு மேல்தான் சூடு பிடிக்கும், அதற்குள் கும்மிடிப்பூண்டி லைனில் திரும்ப ரயில் பிடிக்கணுமே என்று நகரத்து ஆட்கள் வாட்சைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். மரத்தடி, காலை ஆறரை. ஒன்பதுக்கு மேல் வெயில் விரட்டிவிடும்.

யார் வாசிப்பது: இதில்தான் என் ஓட்டு மரத்தடிக்கு. மைக்கைக் கண்டதும் ஊர்ப் பெண்கள் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். வேப்பமரத்தடியிலோ, தலையில் பூ உதிர உதிர ஒரு பாட்டி நடவுப் பாட்டைத் தானாக எடுத்தார், நாலு பேர் கூடவே பிடித்துக்கொண்டார்கள்; எங்கள் புதுக்கவிதையெல்லாம் பைக்குள்ளேயே கிடந்தது.

ஏப்ரல் 29, பாரதிதாசன் பிறந்தநாளைப் பெரிசாகக் கொண்டாட வேண்டுமா, மேடை போடுங்கள். ஊர்க்காரர்களே பாட வேண்டுமா, ஜமுக்காளம் போதும். எறும்புப் புற்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்து விரியுங்கள்.